தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை எதற்கு?

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடு குழந்தைநல மருத்துவரிடம் வரும் பெற்றோர் பலர், மலம் படிந்த துணியையும் கையோடு எடுத்து வருகிறார்கள். கடுகு நிற மஞ்சள், இளகிய பதம், இடையிடையே விதைபோன்ற சிறு திப்பிகள், லேசான புளித்த வாடை. இதை வயிற்றுப்போக்கு என்று அஞ்சியிருப்பார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக எடை கூடிவரும் குழந்தைக்கு இது இயல்பான மலமே. அந்தப் புளிப்பு, குழந்தையின் பெருங்குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலங்களால் வருவது.

தாய்ப்பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடத்தில் இருப்பவை ஒலிகோசாக்கரைடுகள் என்னும் சிக்கலான சர்க்கரைகள். ஒரு லிட்டரில் இவை 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். சீம்பாலில் இன்னும் அதிகம். ஆனால் இவற்றைச் செரிக்கும் நொதிகள் குழந்தையின் உடலில் இல்லை. பெற்றெடுத்துக் களைத்த உடல், தன் ஆற்றலைச் செலவிட்டுக் குழந்தையால் செரிக்க முடியாத ஒன்றை இவ்வளவு சுரக்கிறதென்றால், அதை உண்ண வேறு யாரோ இருக்கத்தான் வேண்டும்.

பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி 2008இல் வெளியானபோது, இந்தச் சர்க்கரைகளைக் கையாளும் மரபணுக்கள் அதில் ஒரே இடத்தில் கொத்தாக இருப்பது தெரியவந்தது. அது சர்க்கரையை வெளியே உடைத்துச் சிதறவிடாமல், முழுதாகத் தன் உடலுக்குள் இழுத்துக்கொண்டு அங்கேயே உடைக்கிறது. அப்போது உண்டாகும் அசிட்டிக், லாக்டிக் அமிலங்கள் நோய்க்கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன. இந்த பாக்டீரியாவைப் பேணும் பாலைக் குடித்த குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்ததும், அந்தப் பாலில் நன்றாக வளரத் தெரிந்த பாக்டீரியாக்கள் கூடுதலாகப் பெருகியதும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, ஒன்றை ஒன்று வடிவமைத்திருக்கின்றன என்றே கருத இடமிருக்கிறது.

மனிதர், சிம்பன்சி, போனபோ, கொரில்லா ஆகியோரின் குடல் பாக்டீரியாக்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வும் இதற்கு வலுச் சேர்க்கிறது. இந்த இனங்கள் பிரிந்த வரிசையிலேயே பிஃபிடோபாக்டீரியக் குடும்பமும் கிளைவிட்டுப் பிரிந்திருக்கிறது. எல்லாக் குடல் பாக்டீரியாக்களும் அப்படியல்ல. அதே ஆய்வில் லாக்னோஸ்பைரேசி குடும்பம் இனம்விட்டு இனம் தாவியிருப்பதும் தெரிந்தது.

ஆகவே, பிறந்தவுடன் சேனை வைப்பது, அழுதால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, கழுதைப்பால் ஊட்டுவது ஆகியவற்றை 'ஒரு சொட்டுதானே' என்று விட்டுவிட முடியாது. அவை தாய்ப்பாலின் இடத்தைப் பிடிப்பதோடு, வெளிக்கிருமிகளையும் உள்ளே அனுப்புகின்றன. தேன், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கக்கூடும் என்பதால் ஒரு வயதுவரை கூடவே கூடாது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். கோடையிலும் தண்ணீர் தேவையில்லை.

ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்த பாக்டீரியாக்களையும் அழிக்கும். அதற்காக, தேவைப்படும் குழந்தைக்கு அவற்றைத் தர மறுப்பது தவறு. மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த சிரப்பைச் சளிக்காக ஊற்றுவதுதான் தவிர்க்க வேண்டியது. கடையில் கிடைக்கும், நல்ல பாக்டீரியாக்கள் கலந்த புரோபயாடிக் சொட்டுகளைப் பலர் கேட்கிறார்கள். தாய்ப்பால் குடித்து நலமாக இருக்கும் குழந்தைக்கு நான் அவற்றை எழுதிக் கொடுப்பதில்லை.