கேனன்: அளவுகோலிலிருந்து காதற்கதை வரை

ஒரு கதையுலகில் இதுதான் நடந்தது என்று அதைப் படைத்தவர்கள் எதை ஏற்கிறார்களோ, அதை வீடியோ கேம் ஆடுவோர் ‘கேனன்’ என்கின்றனர். ஒரே ஆட்டத்தில் பலருள் ஒருவரைக் காதலியாகவோ காதலனாகவோ தேர்ந்துகொள்ளும் உரிமையை ஆடுபவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அதன் அடுத்த பாகத்தை அறிவிக்கும்போது, ‘யாருடைய காதல் கேனன்?’ என்ற கவலை ரசிகர்களிடையே தவறாமல் எழுகிறது.

கிரேக்க மொழியில் ‘கானோன்’ என்பது நேரான கோலையும் தச்சர் பயன்படுத்தும் அளவுகோலையும் குறித்தது. நாணலைக் குறிக்கும் ‘கன்னா’ அதன் வேராகக் கருதப்படுகிறது. பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே நாணற்குழாயிலிருந்து வந்ததுதான். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவது ஒரு வேடிக்கை. அளவுகோலைச் சுட்டிய சொல் காலப்போக்கில் விதியையும், பின்பு விதிப்படி ஏற்கப்பட்ட நூல்களின் தொகுதியையும் சுட்டலாயிற்று. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367ஆம் ஆண்டு மடலில் வரிசைப்படுத்தியபோது அச்சொல்லின் வினைவடிவையே கையாண்டார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1911இல் வேத நூலைப் போல ஆராய்ந்து பகடி செய்தார். அந்த வாசகர் வட்டத்தில் கானன் டாயில் எழுதிய 60 கதைகள் மட்டுமே ‘கேனன்’ எனப்பட்டன. ரசிகர் உலகில் இச்சொல் நிலைத்தது இவ்வழியில்தான்.

ஆட்டங்களில் சிக்கல் வேறு. நாவலுக்கு ஒரே கதைதான் உண்டு. ஆட்டத்திலோ ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. ‘தி விட்சர்’ முதல் பாகத்தில் (2007) ட்ரிஸ், ஷானி இருவரில் ஒருவரின் பக்கம் சாயலாம். ஆனால் 2011இல் வந்த இரண்டாம் பாகம், ஷானியைத் தேர்ந்தவருக்கும் ட்ரிஸ் துணையாக இருக்கும் நிலையிலிருந்தே தொடங்குகிறது. ‘மாஸ் எஃபெக்ட்’ பழைய சேமிப்புக் கோப்பை அடுத்த பாகத்துக்குள் கொண்டுவர இடமளித்தது. இருந்தும், முதல் பாகத்தில் ஆஷ்லியையோ கைடனையோ காதலித்தவருக்கு 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் கிடைத்தது ஒரு கசப்பான சந்திப்பும் மேசை மேல் ஒரு படமுமே. 2024இல் வெளியான ‘டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்’ முந்தைய ஆட்டத்திலிருந்து மூன்றே முடிவுகளைக் கேட்டது, அவற்றுள் ஒன்று காதலைப் பற்றியது என்பது உண்மைதான், ஆனால் 2009இல் வந்த முதல் பாகத்தில் மோரிகனைக் காதலித்தவரின் கதை அவள் நேரில் வரும் இடத்திலும் பேசப்படவில்லை. கிளைக்கும் ஒவ்வொரு காதலுக்கும் தனி உரையாடலும் குரற்பதிவும் வேண்டும் என்பதால், பாகங்கள் கூடக் கூடச் செலவு பெருகுகிறது. அதனால்தான் படைப்பாளிகள் ஒன்றைக் கேனனாக்குகின்றனர், அல்லது மௌனமாகக் கடந்துவிடுகின்றனர். மௌனமே அதிகம் புண்படுத்துகிறது என்பது என் எண்ணம்.

கேனனுக்குத் தமிழில் ‘அதிகாரப்பூர்வக் கதை’ என்று சிலர் எழுதக்கூடும். அது அரசாணையைப் போல ஒலிக்கிறது. ‘மூலக்கதை’ தழுவலுக்கு முந்தைய கதையைக் குறிப்பதால் பொருந்தாது. பொருளளவில் மிக நெருங்கிய உறவு ‘கோல்’ என்ற சொல்லுக்கே உண்டு. அளவுகோலும் செங்கோலும் கேனனின் இரு பொருள்களையும் அப்படியே தாங்குகின்றன. ஆயினும் கதை என்ற சொல்லோடு சேர அது மறுக்கிறது. ஏற்கப்பட்ட நூல்தொகுதியைச் சைவர் ‘திருமுறை’ என்றனர். தமிழ்க் கத்தோலிக்கரும் விவிலியத்தின் ஒரு பகுதியை ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்கின்றனர். எனவே ‘முறைக்கதை’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று மணவுரிமையையும் குறிக்கும் சொல் ‘முறை’ என்பதால், காதல் வழக்குக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஆடுபவர் தமக்குள் வைத்துக்கொள்ளும் ‘ஹெட்கேனன்’ என்பதை ‘மனக்கதை’ எனலாம். விட்சர் இரண்டாம் பாகத்தின் முறைக்கதையில் ட்ரிஸ்ஸே துணைவி. ஷானி பலருடைய மனக்கதையில் இருக்கிறாள்.