டூலா வேறு, மருத்துவச்சி வேறு

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு ஏழாம் மாதச் சடங்குக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, வளையல் போட்ட பெண் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினாள். கர்ப்பிணிகளுக்கான வகுப்பு ஒன்றின் அழைப்பு அது. அதில் ஒரு வரி: "டூலா எனும் நவீன மருத்துவச்சி உங்கள் பிரசவம் முழுவதும் கூடவே இருப்பார்."

"சித்தி, அப்போ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா? இவங்களே வீட்டுல வந்து பாத்துருவாங்களா?" என்று கேட்டாள்.

படித்த பெண். அவளே இப்படிப் புரிந்துகொண்டாள் என்றால் தப்பு அவளுடையது இல்லை, அந்த வரியை எழுதியவருடையது. டூலா என்பவர் நோவு நேரத்தில் தாயின் கூட இருந்து தைரியம் சொல்பவர். அவரை 'மருத்துவச்சி' என்று எழுதியதை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை. நலவாழ்வுத் துண்டறிக்கைகளுக்குத் தமிழ் திருத்திக் கொடுப்பது எனக்குப் பல வருடத்து வேலை. இந்த ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் நாலைந்து இடத்தில் அடித்திருக்கிறேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

டூலா என்ற சொல்லின் மூலத்தை முதலில் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'தூலே' என்றால் அடிமைப் பெண், பணிப்பெண். நம் குமரி மாவட்டத்தில் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமலேயே தெரியும். லூக்கா நற்செய்தியில் மரியாள் "நான் ஆண்டவருக்கு அடிமை" என்று சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இதே சொல்தான். அதைச் சொன்ன கையோடு அவள் கிளம்பிப் போனது ஆறு மாத கர்ப்பிணியான எலிசபெத்தின் வீட்டுக்கு. அங்கே மூன்று மாதம் கூட இருந்தாள். அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல், 1973-இல் தாய்ப்பால் பற்றி எழுதிய நூலில், பெற்றவளைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் குறிக்க இந்தச் சொல்லை எடுத்தார். பிரசவ அறையில் கூட இருப்பவரைக் குறிப்பது பிறகு சேர்ந்த பொருள். அடிமை என்ற மூலப்பொருளை இப்போது யாரும் நினைப்பதில்லை, நாமும் அதைத் தமிழில் கொண்டுவர வேண்டியதில்லை.

சரி, டூலா செய்வது என்ன? இடுப்பைத் தேய்த்துவிடுவார். மூச்சு விடச் சொல்லித் தருவார். நடக்கவைப்பார், தண்ணீர் கொடுப்பார், பயப்படாதே என்பார். குழந்தை பிறந்த பிறகு பால் கொடுக்கப் பழக்குவார். உள்சோதனை செய்ய மாட்டார், ஊசி போட மாட்டார், குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்து முடிவு சொல்ல மாட்டார், பிள்ளையைக் கையில் ஏந்தி எடுக்கவும் மாட்டார். இதையெல்லாம் செய்கிறவர்தான் மருத்துவச்சி.

'மருத்துவச்சி' பழைய சொல், அழுத்தமான சொல். தெற்கே 'மருத்துவம் பார்த்தாள்' என்றாலே பிள்ளை எடுத்தாள் என்றுதான் பொருள் கொள்வார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வயதானவர்கள் 'வயத்தாட்டி' என்பார்கள். திருவிதாங்கூரில் இருந்த மண் இது, 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் அந்தச் சொல் மலையாளத்திலும் இருக்கிறது, இங்கும் இருக்கிறது. வயிற்றை ஆட்டுகிறவள் என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். அது சரியில்லை. மூதாட்டி, சீமாட்டி, பெண்டாட்டி என்பவற்றில் வருகிற அதே 'ஆட்டி'தான் இது, ஆளுகிற பெண் என்று பொருள். வயிற்றின் காரியத்தை ஆளத் தெரிந்தவள் வயிற்றாட்டி. இரண்டு சொல்லிலும் உள்ளது கைத்தொழில், அனுபவ அறிவு, பொறுப்பு. பிள்ளை குறுக்கே கிடந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தாய் போய்விடுவாள்.

அந்தப் பொறுப்பைச் சுமக்கிற சொல்லை எடுத்து, அந்தப் பொறுப்பே இல்லாத ஒருவருக்குச் சூட்டினால் எவ்வளவு ஆபத்து! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டு வந்து சேர்ந்த எண் இது. இப்போது ஒரு அழகான நோட்டீஸில் 'நவீன மருத்துவச்சி வீட்டுக்கே வருவார்' என்ற நினைப்பை விதைத்தால், யாராவது ஒருத்தி அதை நம்பி வீட்டிலேயே நோவைத் தாங்கிக்கொண்டு காத்திருப்பாள். ரத்தப்போக்கு நமக்காகக் காத்திருக்காது.

இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள். பழைய மருத்துவச்சியும் கூட இருந்து ஆறுதல் சொன்னவள்தானே, ஆகவே டூலா அவளுடைய வாரிசுதானே என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆறுதல் அவள் வேலையின் ஒரு பகுதி, அது உண்மை. ஆனால் ஒருவர் செய்யும் பத்து வேலையில் ஒன்றைச் செய்கிறவருக்கு அவருடைய பெயரையே கொடுப்பதில்லை. நோயாளிக்குத் தைரியம் சொல்பவரை டாக்டர் என்போமா? இன்னொன்று, மருத்துவச்சி என்ற சொல்லுக்கு இன்றும் வேலை இருக்கிறது. முறையாகப் படித்த மருத்துவச்சிகளைச் செவிலியர்களிலிருந்து உருவாக்க 2018-இல் மத்திய அரசே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அவர்களை நாளைக்கு எந்தப் பெயரால் அழைப்பது? இருக்கிற பெயரை டூலாவுக்குக் கொடுத்துவிட்டு அவர்களுக்குப் புதிதாக ஒன்றைத் தேடப்போகிறோமா?

அந்தக் காலத்திலும் மருத்துவச்சி தனியாக இல்லை என்பதுதான் எல்லாரும் மறக்கிற விஷயம். அவள் கால்மாட்டில் இருப்பாள். தலைமாட்டில் இன்னொருத்தி இருப்பாள், அம்மையோ மாமியோ அக்காவோ. அவள் மடியில்தான் நோவெடுத்தவளின் தலை கிடக்கும். டூலா அந்தத் தலைமாட்டுக்காரி. திருச்சி தாயுமானவர் கதையை நினைத்துப் பாருங்கள். காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில் நிற்கிறாள், மகள் நோவில் தவிக்கிறாள். சிவன் தாயின் உருவத்தில் வந்து பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். வைத்தியர் வேடம் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு யார் வேண்டும் என்று கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நானே கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். என் தங்கச்சியின் முதல் பேறு. பிரசவ அறை வாசலில் நர்ஸ் வந்து, "கூட நிக்கிற ஆளு யாரு?" என்றார். என் அம்மைக்குக் கால் நடுங்கியது. மாமிதான் சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் சுடுவெள்ள (வெந்நீர்) பிளாஸ்க்கோடு உள்ளே போனார். அரைக் கதவு வழியாகக் கொஞ்சம் தெரிந்தது. மாமி விரல்களை மடக்கி, முட்டியால் தங்கச்சியின் நடு இடுப்புக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தார். நோவு ஏறும்போது அழுத்துவார், இறங்கும்போது கையை எடுத்துவிடுவார். "மக்களே, வாயால ஊது. அவ்வளவுதான். போச்சு பாரு, இது போச்சு" என்றார். ஏழு மணி நேரம் இதே வேலை. டாக்டர் வந்தால் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார், அவர் போனதும் திரும்பக் கட்டிலோரம். வீட்டுக்கு வந்த பிறகும் நொச்சியிலை போட்டு வேது வெள்ளம் காய்ச்சி ஊற்றியதும், சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் போட்டு மருந்து கிண்டியதும் அவரே. மாமிக்கு டூலா என்ற சொல் தெரியாது. அவர் செய்தது முழுக்க அந்த வேலைதான்.

டூலாவுக்குச் சிலர் எழுதும் அடுத்த சொல் 'பிரசவத் தோழி'. இதை எழுதுகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். தோழி என்றால் ஒத்த வயது, விளையாட்டு, ரகசியம் பகிர்தல். சங்க அகப்பாடல்களில் அவள் வேலை காதலுக்குத் தூது போவதும் வரைவு, அதாவது திருமணம், கேட்பதும். பிள்ளை பெறும் இடத்தில் நிற்பவள் பெரும்பாலும் மூத்தவள், தானும் பெற்றவள். 2016-இல் மத்திய அரசு பிரசவத்தில் உடன் இருக்க ஆளை அனுமதித்தபோது, தானும் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண்தான் இருக்க வேண்டும் என்றது. மறைவு இருக்கிற இடங்களில் கணவரும் இருக்கலாம் என்றது. கணவர் உள்ளே நின்றால் அவரும் தோழியா? பிறகு, தோழி என்பதில் ஒரு விளம்பர வாடை இருக்கிறது. சோப்புக்கும் தோழி, செயலிக்கும் தோழி என்று இன்று எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறார்கள்.

'பிரசவ உதவியாளர்' என்பதும் ஆகாது. அது மருத்துவமனைப் பணியாளர் பதவிபோல ஒலிக்கிறது. பேஷண்டைத் தள்ளுவண்டியில் தள்ளிப்போகிறவர் என்று நினைக்க இடம் உண்டு.

என் சொல் 'பேறுகாலத் துணை'.

பெறு என்பதன் முதலெழுத்து நீண்டு பேறு ஆனது. பிள்ளை பெறுவதும் பேறு, பெற்ற நற்கதியும் பேறு. இயேசுவின் மலைப்பொழிவில் 'பேறுபெற்றோர்' என்று வருவதும் பதினாறு பேறுகள் என்று வாழ்த்துவதும் இந்தப் பேறுதான். பிரசவம் வடசொல், அதற்காகவே அதை விலக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. பேச்சில் நானும் பிரசவம், டெலிவரி என்றெல்லாம் சொல்கிறேன். ஆனால் பிரசவம் ஒரு நாளைக் குறிக்கிறது, பேறுகாலம் ஒரு காலத்தையே குறிக்கிறது. "பேறுகாலத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கு" என்று எங்கள் பக்கம் சொன்னால், மகள் தாய்வீட்டுக்கு வந்ததிலிருந்து நோவு, பிறப்பு, மருந்து, வேது வெள்ளம், பால்கொடுக்கப் பழகுவது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். டானா ரஃபேல் முதலில் நினைத்த டூலாவும் பிறப்புக்குப் பிந்தைய நாட்களுக்குரியவர்தான். அந்த அகலம் பேறுகாலத்தில் இருக்கிறது.

துணை என்பதை ஏன் எடுத்தேன்? வழித்துணையை நினையுங்கள். அவர் நமக்காக நடப்பதில்லை, சுமப்பதுமில்லை. இருட்டில் பக்கத்தில் வருகிறார், அவ்வளவுதான், அதிலேயே பயம் போய்விடுகிறது. ஆண், பெண், சொந்தம், சம்பளத்துக்கு வந்தவர் என்ற பேதமும் துணைக்கு இல்லை. வெளிநாட்டுச் சொற்களிலும் இதே எண்ணம் வருகிறது. மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளே 'பெண்ணோடு இருப்பவர்' என்பதுதான். மகப்பேறு மருத்துவத்தைக் குறிக்கும் 'அப்ஸ்டெட்ரிக்ஸ்' என்பதற்கு வேரான லத்தீன் சொல்லுக்கு 'எதிரே நிற்பவள்' என்று பொருள். நம் நர்ஸ் கேட்ட 'கூட நிக்கிற ஆளு'தான்.

துணை ஆட்சியர், துணைத் தலைவர் என்றெல்லாம் வருவதால் கீழ்ப்பதவிபோல ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகாது. அங்கே துணை சொல்லுக்கு முன்னால் வருகிறது. வழித்துணை, வாழ்க்கைத்துணை, பேச்சுத்துணை என்று பின்னால் வரும்போது உடன் இருப்பவர் என்ற பொருள் மட்டும்தான். 'துணைவி' என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள், அது மனைவி. பயிற்சி பெற்றவர் என்று காட்ட வேண்டுமானால் 'பயிற்சி பெற்ற பேறுகாலத் துணை' என்று எழுதலாம், ஒன்றும் நீளமில்லை.

இந்தத் துணையால் பயன் உண்டா என்ற சந்தேகமும் வேண்டாம். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017 தொகுப்பாய்வு, நோவு நேரம் முழுக்க ஒருவர் கூட இருந்தால் சிசேரியன் குறைகிறது, நோவு நேரமும் கொஞ்சம் குறைகிறது என்று சொன்னது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லிருந்தே இதற்கான திட்டம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தம், இந்தச் சொற்கள் எல்லாம் வாசலிலேயே கிடக்கும்போது அகராதியில் தேடுகிறார்கள் என்பதுதான். ஒரு துண்டறிக்கையில் 'உழைப்பின் முதல் கட்டம்' என்று கண்டு திகைத்தேன். பிரசவ நோவைக் குறிக்கும் 'லேபர்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள்! நோவு என்ற சொல் இந்த மாவட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். 'நோவு கண்டாச்சு' என்றால் ஆட்டோ கூப்பிட ஓடுவார்கள், 'உழைப்பு தொடங்கிவிட்டது' என்றால் யார் ஓடுவார்கள்? எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணிடம் வாசித்துக் காட்டினால் போதும். பத்து நிமிட வேலை.

அந்த வகுப்பை நடத்துகிறவரோடு பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த அச்சில் 'மருத்துவச்சி'யை எடுத்துவிட்டு 'பேறுகாலத் துணை' என்று போடுவதாகவும், கீழே சின்ன எழுத்தில் டூலா என்றும் இருக்கும் என்றும் சொன்னார். "பிரசவம் மருத்துவமனையில்தான், நாங்கள் துணைக்கு மட்டும்" என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். சரி என்றார். சடங்கு வீட்டுப் பெண்ணுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். அவளோடு உள்ளே நிற்கப்போவது அவளுடைய மாமியாராம்.