‘ரன் அமோக்’: தறிகெட்டு ஓடுதல்

கட்டுப்பாட்டை முற்றிலும் இழந்து, எதிர்ப்பட்டவர் யார் என்றும் பாராமல் நாசம் விளைவித்துத் திரிவதை ஆங்கிலத்தில் ‘ரன் அமோக்’ என்பார்கள். இதன் மூலம் ‘அமுக்’ என்னும் மலாய்ச் சொல். ஆயுதத்துடன் வெறிகொண்டு பாய்ந்து தாக்குவது என்பது பொருள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பார்போசா, குத்துவாளுடன் தெருவில் இறங்கிக் கண்ணில் பட்டோரையெல்லாம் கொல்லும் சாவகத்தாரை (ஜாவா தீவினரை)ப் பற்றி எழுதும்போது இச்சொல்லைப் பதிவுசெய்தார். பின்வந்த ஆங்கிலேயர் முதலெழுத்தான ‘அ’வைத் தம் மொழியில் ‘ஒரு’ என்று பொருள்படும் தனிச்சொல்லாகக் கருதி, சொல்லை இரண்டாகப் பிரித்தும் எழுதினார்கள். இன்று கொலைவெறி முதல் பிள்ளைகளின் கும்மாளம் வரை எல்லாவற்றுக்கும் இத்தொடர் பொருந்துகிறது.

ஒலி ஒத்திருப்பதால் நம் ‘அமோக’த்தோடு இதை முடிச்சுப்போட வேண்டியதில்லை. மல்லிகை அமோக விளைச்சல் என்னும்போது வரும் அமோகம், வீண்போகாதது என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது.

தமிழில் மிக நெருங்கி வருவது ‘தறிகெட்டு ஓடுதல்’. மதுரைச் செல்லூர்க்காரர்களுக்குத் தறி என்றதும் நெசவுத்தறிதான் நினைவுக்கு வரும். இங்கோ அது மாட்டையோ யானையையோ கட்டும் முளை, அதாவது கட்டுத்தறி. கட்டி வைத்த பிடிப்பு போனபின் விலங்கு ஓடும் ஓட்டமே தறிகெட்ட ஓட்டம். பிரேக் பிடிக்காத லாரியைத் ‘தறிகெட்டு ஓடியது’ என்று நாளிதழ்கள் எழுதுவது மிகச் சரி. ஆனால் அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைத் தாண்டிச் சீறிவரும் காளையைத் தறிகெட்டது என்றால் மாட்டுக்காரர் ஒப்பமாட்டார். அது மூக்கணாங்கயிற்றை நீக்கி, வேண்டுமென்றே அவிழ்த்துவிட்ட மாடு. ‘மாடு அவிழ்க்கிறோம்’ என்பதுதான் இங்குள்ள பேச்சு. அதே காளை, பிடித்துக் கட்டக் காத்திருப்பவர்களுக்குப் போக்குக்காட்டி, ஊரைத் தாண்டிச் சாலையில் வாகனங்களுக்கிடையே பாயும்போதுதான் தறிகெடுகிறது.

யானைச் செய்தியில் ‘மதம் பிடித்து ஓடியது’ என்று மொழிபெயர்ப்பது இன்னொரு வழக்கம். இதில் கவனம் தேவை. மதம் என்பது வளர்ந்த ஆண் யானைக்குக் கன்னத்தில் மதநீர் வழியும் பருவநிலை; மீனாட்சியம்மன் கோயில் பார்வதியைப் போன்ற பெண் யானைகளுக்கு அச்சொல்லைப் பயன்படுத்துவது பொருந்தாது. வெடிச்சத்தத்துக்கு அஞ்சி ஓடினால் ‘மிரண்டு ஓடியது’ என்றே எழுதலாம்.

அரிவாளோடு ஒருவன் கண்டவரையெல்லாம் வெட்டினால், மலாய் மூலத்துக்கு ஒட்டிய ‘வெறியாட்டம்’ வேண்டும். தறிகெட்டான் என்பது அங்கே மெலிந்துவிடும். ஆசிரியர் வராத வகுப்புக்குக் ‘கொட்டமடித்தார்கள்’ போதும்.