விரல் விழும் இடம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கிட்டார் பழகுகிறார்கள். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளில் ஒன்றான சி மேஜரை வாசிக்கையில் கம்பி இரைந்தால், விரல் நுனி சிவக்கும்வரை இன்னும் பலமாக அழுத்துகிறார்கள். அதைக் காண எனக்கு மனம் பொறுப்பதில்லை. பெரும்பாலும் குறை பலத்தில் இல்லை, விரல் விழும் இடத்தில்தான் இருக்கிறது.

வீணையைப் போலவே கிட்டாரிலும் ஒலிக்கும் கம்பியின் நீளத்தை வரையறுப்பது விரல் அன்று, கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டையான மெட்டு. கம்பியை மெட்டின்மேல் அசையாமல் இருத்துவதே விரலின் பணி. கழியில் குடத்தைத் தொங்கவிட்டு இருவர் தூக்கிச் செல்லும்போது, குடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் தோளிலேயே பாரம் மிகுதியாக இறங்குவதுபோல, விரல் மெட்டை ஒட்டி அதன் பின்புறத்தில், அதாவது கிட்டாரின் தலைப்பக்கமாக, நின்றால் அழுத்தத்தின் பெரும்பகுதி அந்த மெட்டுக்கே சேரும். விரல் பின்தங்கினால் பாரம் முந்தைய மெட்டுக்குப் போய்விடும். கம்பி மெட்டில் சரியாகப் படியாமல் அதிர்ந்து இரையும். அதைப் பலத்தால் ஈடுசெய்ய முயன்றால் கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடும்.

சி மேஜரில் ஆள்காட்டி விரல் சற்றுச் சாய்ந்தாலும் கீழேயுள்ள முதல் கம்பியைத் தொட்டு அதன் ஒலியை அடைத்துவிடும். ஆகவே நகத்தை ஒட்ட வெட்டி, விரலை வளைத்து, நுனியால் அழுத்த வேண்டும்.

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டின் வழியாக விரல்களுக்கு வருகின்றன. மணிக்கட்டை உள்ளே நன்றாக மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், பிடி தளர்வதை உடனே உணரலாம். தசை ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் மேலும் இழுக்க அதற்கு இடமில்லை. எனவே மணிக்கட்டு இயன்றவரை நேராக இருக்கட்டும்.

ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்தும் எஃப் கார்டில் மனம் உடைந்தவர்கள் பலர். அந்த விரல் அழுத்தும் முதல் மெட்டு, கம்பிகளை உயர்த்திப் பிடிக்கும் தலைப்பக்கத் தாங்கியை ஒட்டியிருப்பதால் அங்கு அழுத்துவது கடினம், 648 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் தாங்கிக்கும் முதல் மெட்டுக்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ 36 மி.மீ. ஐந்தாம் மெட்டுக்கு முந்தைய இடைவெளி 29 மி.மீ. அளவே. அதே கைவடிவத்தை முதலில் ஐந்தாம் மெட்டில் பழகிவிட்டு, ஒவ்வொரு மெட்டாகப் பின்னோக்கி வரலாம்.

தேவையான அழுத்தத்தை அறிய, தெளிவாக ஒலிக்கும் கார்டைப் பிடித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டியபடியே பிடியை மெல்லத் தளர்த்துங்கள். இரைச்சல் தொடங்கும் இடத்திலிருந்து சிறிதளவு கூட்டினால் போதும்.