பாட்டிலுக்குள்ள ஆத்துத் தண்ணி பழுப்பாகுறது எதுக்கு?

கடலூர் உப்பனாத்துல மீன் செத்து மிதந்தா மறுநாள் பேப்பர்ல "தண்ணீர் மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்பட்டது"ன்னு ஒரு வரி வரும், அதோட கதை முடிஞ்சிடும். அந்த ஒரு வரிக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரும் சொல்றதில்ல. கடலூர் முதுநகர்லேர்ந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வி இது: "அண்ணா, ஆபீஸ்லேர்ந்து வந்தவங்க ஆத்துல ஒரு சின்ன கண்ணாடி பாட்டில்ல தண்ணி புடிச்சு, கரையிலயே அதுல ரெண்டு மருந்து விட்டாங்க, உடனே டீ டிகாஷன் கலருக்கு மாறிடுச்சு. சுத்தி நின்னவங்க 'பாத்தியா எவ்ளோ விஷம்'னு பேசிக்கிட்டாங்க. நெசமாவே அது விஷமா?"

இல்ல தம்பி, நேர் எதிர். பழுப்பானா தண்ணியில ஆக்சிஜன் இருக்குன்னு அர்த்தம். மருந்து விட்டும் வெள்ளையாவே நின்னா அப்பதான் பயப்படணும்.

முதல்ல இந்த ஆளுங்க எதுக்கு ஆத்துக்கு வராங்கன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1974ல தண்ணி மாசு தடுப்புச் சட்டம் வந்துச்சு, அதுக்குக் கீழ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அப்புறம் 1982ல தமிழ்நாட்டு வாரியம், புதுச்சேரிக்குத் தனியா ஒரு கமிட்டி. ஆறு, ஏரின்னு குறிச்சு வச்ச இடங்கள்ல முறை வச்சு சாம்பிள் எடுக்கறது இவங்க வேலை. எடுத்ததை வச்சு தண்ணியை ஏ-லேர்ந்து ஈ வரைக்கும் அஞ்சு வகுப்பா பிரிப்பாங்க. ஏ-ன்னா கிருமி மட்டும் நீக்கிட்டு குடிக்கலாம், பி-ன்னா குளிக்கலாம், சி-ன்னா முழுசா சுத்திகரிச்சுட்டுக் குடிக்கலாம், டி மீனுக்கும் மத்த உயிருக்கும், ஈ பாசனத்துக்கு. தை அஞ்சாம் நாள் ஆத்துத் திருவிழாவுக்கு தென்பெண்ணையில இறங்கறோமே, அதுக்கு பி வகுப்பு வேணும்: லிட்டருக்கு கரைஞ்ச ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பிஓடி (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படற ஆக்சிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, 100 மில்லியில கோலிஃபார்ம் (சாக்கடை கலந்திருக்கறதைக் காட்டிக் குடுக்கற பாக்டீரியா) 500க்கு மேல போகக்கூடாது, பிஹெச் 6.5க்கும் 8.5க்கும் நடுவுல.

சாம்பிள் எடுக்கறதை ஒருங்கிணைக்கிறவரோட வேலை பாதி கெமிஸ்ட்ரி, பாதி கல்யாண வேலை. எந்தப் பாயின்ட்டு, எந்த வண்டி, யாரு போறாங்க, ஐஸ் பெட்டி ரெடியா, லேப்ல இன்குபேட்டர்ல (ஒரே சூட்டுல வச்சிருக்கற பெட்டி) இடம் இருக்கான்னு எல்லாத்தையும் முன்கூட்டியே கோத்து வைக்கணும். ஒரே தண்ணிதான், ஆனா ஒரே கேன்ல மொண்டுக்கிட்டு வந்துட முடியாது. உலோகம் பாக்கற பாட்டில்ல நைட்ரிக் அமிலம் விடணும், எண்ணெய் கிரீஸுக்கு கண்ணாடி பாட்டில்தான், கோலிஃபார்முக்கு ஸ்டெரிலைஸ் பண்ண பாட்டில், அதையும் எண்ணெய் பாட்டிலையும் ஆத்துத் தண்ணியில அலசக்கூடாது. எல்லாம் ஐஸ்ல வச்சு லேப் போய்ச் சேரணும். இதுல லேப் வரைக்கும் காத்திருக்கவே காத்திருக்காத ஒண்ணு ஆக்சிஜன்.

ஏன்னா கரைஞ்ச ஆக்சிஜன் ரொம்பக் கொஞ்சம். 27 டிகிரியில ஒரு லிட்டர் நல்ல தண்ணி புடிச்சு வச்சுக்கக்கூடியது ஏறக்குறைய 8 மில்லிகிராம், அவ்வளவுதான், அதுலதான் கெளுத்தியும் கெண்டையும் இறாலும் மூச்சு விடுது. பாட்டில்ல ஒரு காத்துக் குமிழ் மாட்டினாலே அதுலேர்ந்து ஆக்சிஜன் தண்ணிக்குள்ள இறங்கி கணக்கைக் கெடுத்துடும், குமிழே இல்லாட்டியும் உள்ள இருக்கற பாக்டீரியா வர்ற வழியெல்லாம் அதைத் தின்னுக்கிட்டே வரும். அப்போ இருக்கறதை இருக்கற இடத்துலயே பூட்டி வைக்கணும். எப்படி?

இதுக்கு 1888ல வழி சொன்னவர் லயோஷ் விங்க்லர்னு ஒரு ஹங்கேரிக்காரர், புடாபெஸ்ட்ல இருந்த கெமிஸ்ட். எனக்கு கெமிஸ்ட்ரியில புடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லுன்னா இதைத்தான் சொல்லுவேன், யாரு கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி.

300 மில்லி பாட்டில், வாய் கொஞ்சம் விரிஞ்சிருக்கும், மூடி தேய்ச்ச கண்ணாடி. தண்ணியை மேலேர்ந்து சலசலன்னு ஊத்தக்கூடாது, டியூபை அடி வரைக்கும் விட்டு, நிரம்பி வழிஞ்சு, மேலும் வழிய விடணும், காத்தோட பட்ட தண்ணியெல்லாம் வெளிய போயிடும். இப்போ முதல் மருந்து, மாங்கனீஸ் சல்ஃபேட், பிப்பெட் நுனி தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி வச்சு 1 மில்லி. ரெண்டாவது மருந்து காரமும் அயோடைடும் அசைடும் கலந்தது, அதுவும் 1 மில்லி. ரெண்டுமே தண்ணியை விட கனம், நேரா அடிக்கு இறங்கும், அதே அளவு தண்ணி மேல வழியும். குமிழ் இல்லாம மூடிட்டு தலைகீழா நாலஞ்சு தடவை புரட்டினா, மாங்கனீஸும் காரமும் சேர்ந்து மாங்கனீஸ் ஹைட்ராக்சைடா வெள்ளையா திரியும். அந்த வெள்ளைக்கு ஆக்சிஜன்னா உயிரு. தண்ணியில கரைஞ்சு கிடக்கற ஆக்சிஜனை விடாம புடிச்சு இழுத்து, தானே பழுப்பா மாறிடும். அந்தத் தம்பி பாத்த டிகாஷன் கலர் அதுதான். ஆக்சிஜன் ஜாஸ்தியா இருந்தா கலர் அடர்த்தி, கம்மின்னா வெளிறின மஞ்சப் பழுப்பு, சுத்தமா இல்லன்னா வெள்ளை வெள்ளையாவே அடியில உக்காந்துடும். மீட்டர் வேணாம், கரண்ட் வேணாம், கரையில நின்னபடியே தோராயமா தெரிஞ்சுடும்.

வாயுவா ஓடிப்போக இருந்தது இப்போ திடப்பொருளா அடியில படிஞ்சு கிடக்கு. இதைத்தான் ஃபீல்டுல 'ஃபிக்ஸ் பண்றது'ன்னு சொல்லுவாங்க.

அடுத்து அடர் சல்ஃபியூரிக் அமிலம் 1 மில்லி. பழுப்பெல்லாம் கரைஞ்சு காணாமப் போகும், பாட்டில் பொன் மஞ்சளா தெளிஞ்சு நிக்கும். அமிலத்துல அந்த மாங்கனீஸ், தான் ஆக்சிஜன்கிட்ட வாங்கின கடனை அயோடைடு மேல தள்ளி விட்டுட்டு பழைய நிலைக்குப் போயிடுது, அயோடைடு அயோடினா மாறுது. முன்ன எவ்ளோ ஆக்சிஜன் இருந்துச்சோ அதுக்குச் சரியா ஒத்த அளவு அயோடின், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு ரெண்டு அயோடின் மூலக்கூறு, கூடவும் வராது குறையவும் வராது. இனிமே ஆக்சிஜனைத் தேட வேணாம், அயோடினை எண்ணினாப் போதும், அது எட்டாங்கிளாஸ் பையனுக்கும் கண்ணால தெரியற பொருள், ஸ்டார்ச் விட்டா கருநீலம்.

லேப்ல பியூரெட்டுல (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) அயோடினைத் தீர்த்துக்கட்டற தயோசல்ஃபேட்டை நிரப்பி சொட்டு சொட்டா விடுவாங்க. மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச், குபீர்னு நீலம், அப்புறம் ஒவ்வொரு சொட்டுக்கும் நீலம் இளைச்சுக்கிட்டே போய் கடைசி சொட்டுல தண்ணியா தெளியும், அங்க நிறுத்தணும். தயோசல்ஃபேட்டோட பலத்தை 0.025 நார்மல்னு வச்சு, 200 மில்லி தண்ணியை இப்படி சொட்டு விட்டு அளந்தா (டைட்ரேட் பண்றதுன்னு பேரு), செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். பியூரெட்டைப் பாத்து 6.2ன்னு படிச்சா அதான் விடை, கால்குலேட்டரே வேணாம். இன்னும் பொடி விஷயம், மருந்து ரெண்டும் விட்டப்போ 2 மில்லி தண்ணி வழிஞ்சு போச்சு இல்லையா, அதை ஈடு கட்ட 200க்குப் பதிலா 201 மில்லி எடுப்பாங்க!

அசைடு எதுக்குன்னா சாக்கடை கலந்த தண்ணியில நைட்ரைட் இருக்கும், அதுவும் அயோடைடை அயோடினா மாத்திடும், இல்லாத ஆக்சிஜனை இருக்கறதா காட்டும். 1925ல ஆல்ஸ்டர்பெர்க்னு ஒருத்தர் அசைடு சேத்து அந்த ஓட்டையை அடைச்சாரு. இப்பல்லாம் கரைஞ்ச ஆக்சிஜனை நேரா அளக்கற டிஓ மீட்டர் வந்தாச்சு, தண்ணியில விட்டா நம்பர் வந்துடும், ஆனா அந்த மீட்டர் சரியா காட்டுதான்னு சந்தேகம் வந்தா சரிபாக்கறது இன்னிக்கும் விங்க்லர் பாட்டிலை வச்சுதான்.

பிஓடி இதோட தம்பி. ஒரு பாட்டில்ல இன்னிக்கே ஆக்சிஜன் பாப்பாங்க, கூடப் பொறந்த இன்னொரு பாட்டிலை இருட்டுல இன்குபேட்டர்ல வச்சுட்டு அப்புறம் பாப்பாங்க, உள்ள இருக்கற பாக்டீரியா அழுக்கைத் தின்னு எவ்ளோ ஆக்சிஜனை இழுத்துச்சோ அதுதான் பிஓடி. வெளிநாட்டுல 20 டிகிரியில 5 நாள், இங்க 27 டிகிரியில 3 நாள், நம்ம வெயிலுக்கு பாக்டீரியா சீக்கிரம் வேலையை முடிச்சுடும். அந்த 5 நாள் கணக்கு இங்கிலாந்துல 1912ல ராயல் கமிஷன் அறிக்கையில வந்தது, அங்க ஆத்துத் தண்ணி கடலுக்குப் போய்ச் சேர அதுக்கு மேல ஆகாதுங்கறதுதான் காரணம்னு சொல்லுவாங்க. நமக்கு 3 நாள்ங்கறதால வியாழக்கிழமை சாம்பிள் எடுத்தா ஞாயித்துக்கிழமை ஒருத்தர் லேபுக்கு வந்தாகணும், அதனால ஒருங்கிணைக்கிறவர் வாரத்தோட முதல் மூணு நாளாப் பாத்து டிரிப்பு போடுவாரு. சாக்கடைத் தண்ணியா இருந்தா அப்படியே வைக்க முடியாது, கொஞ்ச நேரத்துலயே ஆக்சிஜன் தீந்துடும். அதனால 3 மில்லி சாக்கடையை மட்டும் எடுத்து மீதியை ஆக்சிஜன் ஏத்தின சுத்தத் தண்ணியால நிரப்பி, 7.8 இருந்தது 5.4 ஆச்சுன்னா 2.4ஐ 100ஆல பெருக்கி 240ன்னு சொல்லுவாங்க.

இதையெல்லாம் சரியா பண்ணியும் நேரத்துல கோட்டை விட்டா எல்லாம் வீண். புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரி மாதிரி பாசி புடிக்கற ஏரியில பகல் பூரா பாசி ஆக்சிஜன் விடும், மத்தியானம் மூணு மணிக்கு அளந்தா தண்ணி தாங்கக்கூடிய அளவைத் தாண்டிக்கூட காட்டும். ராத்திரி அதே பாசி மூச்சு மட்டும்தான் விடும், ஆக்சிஜனை இழுத்துக்கிட்டே இருக்கும், விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடி மட்டத்துக்குப் போயிடும். மீன் பெரும்பாலும் விடியக்காலையில சாகறது இதனாலதான். வண்டி கடலூர்லேர்ந்து கிளம்பி இடத்துக்குப் போய்ச் சேர பதினோரு மணி ஆகும், அப்போ வெயில் ஏறிடும், நம்பரும் ஏறிடும். உப்பனாத்துல கூடுதலா ஓதம் வேற. ஏத்தத்துல எடுத்தா பாதி கடல் தண்ணி, இறக்கத்துல எடுத்தாதான் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்துலேர்ந்தும் ஊருக்குள்ளேர்ந்தும் வர்றது தெரியும். கடல் தண்ணி 27 டிகிரியில ஏறக்குறைய 6.5 மில்லிகிராம்தான் தாங்கும், அதனால முகத்துவாரத்துல 6 வந்தா அருமையான நம்பர், நல்ல தண்ணி ஆறான கெடிலத்துல அதே 6 வந்தா சுமார். கடலோரத் தண்ணிக்கு எஸ்டபிள்யூ 1லேர்ந்து 5 வரைக்கும் தனி வகுப்பே வச்சிருக்காங்க.

பழுப்பு நிறத்தை வச்சு ஏமாத்தறவங்களும் இருக்காங்க. வீட்டுக்கு வந்து உங்க குழாத் தண்ணியில ரெண்டு கம்பியை விட்டு கரண்ட் குடுத்து, பழுப்பா கசடு வந்ததும் "பாத்தீங்களா சார் அழுக்கு"ன்னு மெஷின் விப்பாங்க. அது அந்த இரும்புக் கம்பி கரைஞ்சு வர்ற துரு, தண்ணியில உப்பு இருந்தா கரண்ட் பாயும், அவ்ளோதான். கையில வச்சிருக்கற டிடிஎஸ் மீட்டரும் உப்பைத்தான் பாக்கும், சாக்கடை கலந்திருக்கறது அதுக்குத் தெரியாது.

"ஓடற தண்ணிக்கு தோஷமில்ல"ன்னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்றதுல பாதி சரி. ஓடற தண்ணி கல்லுலயும் மணல்லயும் மோதி காத்துலேர்ந்து ஆக்சிஜனை வாங்கிக்கும், அழுக்கு செரிக்கும். மீதிப் பாதிதான் வம்பு. கோலிஃபார்ம் நாலு கல்லுல மோதினதும் செத்துடாது, அதோட சித்திரையில கெடிலம் எங்கய்யா ஓடுது, குட்டை குட்டையா தேங்கித்தானே நிக்குது.

இதுல என்னோட எரிச்சல் ஒண்ணு. காசு ஒதுக்கும்போது கோடிக்கணக்குல மெஷினும் எல்இடி போர்டும் சுலபமா வந்துடும், ஆத்துல இறங்கி குமிழ் இல்லாம பாட்டில் மூடத் தெரிஞ்ச ஆளுக்கு மட்டும் போஸ்டிங் இருக்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள்ல காலிப் பணியிடம் கிடக்கறது ஊரறிஞ்ச கதை. லேப்ல இருக்கற மெஷின் எவ்ளோ உசத்தியா இருந்தாலும், கரையில முதல் ரெண்டு நிமிஷத்துல நடந்த தப்பை அதால கண்டுபுடிக்க முடியாது, தப்பான பாட்டிலுக்கு ரொம்பத் துல்லியமா ஒரு விடை சொல்லும்.

மத்திய வாரியம் வருஷா வருஷம் ஆறுகளோட டேட்டாவை வெளியிடுது, யாரு வேணும்னாலும் பாக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் Min (குறைஞ்சபட்சம்), Max (அதிகபட்சம்)னு ரெண்டு வரிசை இருக்கும். கரைஞ்ச ஆக்சிஜனுக்கு Min வரிசையைப் பாருங்க, பிஓடிக்கும் கோலிஃபார்முக்கும் Max வரிசையைப் பாருங்க. உங்க ஊர் விஷயமா தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கறதா இருந்தா ரிசல்ட் மட்டும் கேக்காம ஃபீல்டு ஷீட்டையும் சேத்துக் கேளுங்க, எத்தனை மணிக்கு எடுத்தாங்க, ஓதம் ஏத்தமா இறக்கமா, தண்ணி சூடு எவ்ளோ, ஆக்சிஜனைக் கரையிலயே ஃபிக்ஸ் பண்ணாங்களான்னு எல்லாம் அதுலதான் எழுதியிருக்கணும்.