டம்மின்னு சொல்லிக் குடுத்த துப்பாக்கி வெடிச்சா கேஸ் யார் மேல?

ஒரு சினிமா ப்ரொடக்ஷன் மேனேஜர் என் வக்கீல் ஆபீசுக்கு வந்தாரு, கையில அக்ரிமெண்ட் டிராஃப்ட். ஒரு பாராவை விரலால தொட்டுக் காட்டி, "சார், செட்ல ஆயுதத்தால எது நடந்தாலும் சப்ளை பண்றவர்தான் பொறுப்பு, கம்பெனிக்கு சம்பந்தமில்லன்னு போட்டாச்சு, இது போதும்ல?"ன்னு கேட்டாரு. போதாது சார்னேன். ஏன்னு கேட்டாரு, அதைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரமும் ரெண்டு டீயும் ஆச்சு. அன்னிக்கு அவர்ட்ட சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

2021 அக்டோபர் 21, அமெரிக்காவுல நியூ மெக்சிகோ, சான்டா ஃபே ஊருக்குப் பக்கத்துல போனன்ஸா க்ரீக்னு ஒரு பண்ணை. 'ரஸ்ட்'னு ஒரு கௌபாய் படம். சர்ச் செட்டுக்குள்ள ரிகர்சல் போயிட்டிருக்கு, ஹீரோவும் தயாரிப்பாளர்கள்ல ஒருத்தருமான அலெக் பால்ட்வின் உறையிலிருந்து ரிவால்வரை உருவி கேமரா பக்கமா நீட்டறாரு, வெடிச்சிடுச்சு. கேமராவுமன் ஹலினா ஹட்சின்ஸ் செத்துப் போனாங்க, வயசு 42. அதே குண்டு டைரக்டர் ஜோயல் சௌசா தோள்லயும் பாஞ்சது. துப்பாக்கியைக் குடுக்கறப்போ "கோல்ட் கன்"னு சத்தம் போட்டுச் சொல்லியிருக்காங்க, அதாவது உள்ள வெடிக்கிற மாதிரி எதுவும் இல்ல, பயப்படாதீங்கன்னு அர்த்தம்.

இங்க தோட்டா பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும், இல்லன்னா மீதி எதுவும் புரியாது. நிஜத் தோட்டான்னா வெடிமருந்தும் இருக்கும், முனையில குண்டும் இருக்கும். ப்ளாங்க்னா மருந்து உண்டு, குண்டு இல்ல, சத்தமும் நெருப்பும் மட்டும் வரும். டம்மின்னா பார்க்க அச்சு அசல் நிஜத் தோட்டா மாதிரியே இருக்கும், குண்டும் இருக்கும், ஆனா மருந்து கிடையாது, அதுக்குப் பதிலா உள்ள ஒரு சின்ன இரும்பு மணி போட்டிருப்பாங்க, காதுகிட்ட வச்சு ஆட்டினா கலகலன்னு கேக்கும், இல்லன்னா பக்கவாட்டுல ஓட்டை போட்டிருப்பாங்க. ஒவ்வொண்ணா எடுத்து ஆட்டிப் பார்க்கறதுக்கு எவ்வளவு நேரமாகும், ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த வேலைதான் நடக்கல. அந்த செட்ல மொத்தம் ஆறு நிஜத் தோட்டா கிடைச்சுது, படப்பிடிப்புத் தளத்துல ஒண்ணுகூட இருக்கக் கூடாத சாமான்.

இப்ப வழக்குக்கு வரேன். நம்ம ஆளுங்க எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி "சுட்டது அவர்தானே, அவரை ஏன் விட்டாங்க?"ங்கறதுதான். கிரிமினல் கோர்ட் அப்படிக் கேக்காது. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா நிக்க வச்சு, உன் வேலை என்ன, உனக்கு என்ன தெரியும், ஆபத்துன்னு தெரிஞ்சும் அலட்சியமா இருந்தியான்னு கேக்கும்.

ஆயுதப் பொறுப்பாளர் ஹன்னா குட்டியெரஸ் ரீட், 2024 மார்ச்ல ஜூரி (பொதுமக்கள்லருந்து எடுத்த தீர்ப்புக் குழு) அவங்களை உள்நோக்கமில்லாத மரணம் விளைவித்த குற்றத்துல குற்றவாளின்னு சொல்லிச்சு, ஏப்ரல்ல 18 மாசம் தண்டனை, அந்த ஊர்ல அந்தக் குற்றத்துக்கு அதுதான் உச்சபட்சம். நிஜத் தோட்டாவைக் கொண்டு வந்ததே அவங்கதான்னு அரசுத் தரப்பு வாதாடிச்சு. உதவி இயக்குநர் டேவிட் ஹால்ஸ் முன்னாடியே டீல் பேசி, அலட்சியமா ஆயுதத்தைக் கையாண்டதுங்கற சின்னக் குற்றத்தை எதிர்க்காம 6 மாசம் ப்ரொபேஷனோட, அதாவது ஜெயிலுக்குப் போகாம நன்னடத்தை நிபந்தனையோட, வெளிய வந்துட்டாரு, துப்பாக்கியைச் சரியா செக் பண்ணலன்னு அப்புறம் சாட்சிக் கூண்டுலயே சொன்னாரு.

பால்ட்வின் கதைதான் எங்களை மாதிரி வக்கீலுங்களுக்குப் பாடம். ட்ரிகரை அழுத்தவே இல்லன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. நடிகர் ஆயுத நிபுணரா இருக்கணும்னு அவசியமில்லன்னு நடிகர் சங்கமும் அவர் பக்கம் நின்னுச்சு. முதல்ல போட்ட சார்ஜ்ல 5 வருஷம் கட்டாயச் சிறை வர்ற ஒரு பிரிவையும் சேர்த்தாங்க, அந்தச் சட்டமே சம்பவத்துக்கு அப்புறம்தான் வந்துச்சுன்னு தெரிஞ்சு அதை எடுக்க வேண்டியதாச்சு (நம்ம அரசியல் சாசனம் 20-வது பிரிவும் அதைத்தான் சொல்லுது, இதுகூடப் பார்க்காம எப்படி சார்ஜ் போட்டாங்கன்னு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்). அப்புறம் மொத்தக் கேசையும் வாபஸ் வாங்கி, 2024 ஜனவரியில மறுபடி போட்டு, ஜூலையில விசாரணை ஆரம்பிச்சு மூணு நாள்கூட முழுசா ஓடல. ஒருத்தர் போலீஸ்கிட்ட கொண்டு வந்து குடுத்த தோட்டாக்களை வேற கேஸ் நம்பர்ல போட்டு வச்சுட்டு எதிர்த்தரப்புக்குச் சொல்லவே இல்லன்னு வெளிய வந்துச்சு. நீதிபதி மேரி மார்லோ சாமர் ஜூலை 12 அன்னிக்கு கேசையே தள்ளுபடி பண்ணிட்டாங்க, திரும்பப் போட முடியாதபடி. அதனால பால்ட்வின் நிரபராதின்னு தீர்ப்பாச்சுன்னு யாராவது சொன்னா அதுவும் தப்பு, குற்றவாளின்னு சொன்னா அதுவும் தப்பு, ஜூரிகிட்ட அந்தக் கேள்வி போகவே இல்ல.

மேனேஜர் நடுவுல கேட்டாரு, அப்ப கம்பெனி தப்பிச்சுடுச்சான்னு. எங்க தப்பிச்சுது? மாநிலத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 1,36,793 டாலர் அபராதம் போட்டுச்சு, அப்புறம் பேசி 1 லட்சம் டாலர்ல முடிஞ்சுது. முன்னாடியே ரெண்டு தடவை அந்த செட்ல துப்பாக்கி தவறுதலா வெடிச்சிருக்கு, தெரிஞ்சும் நிர்வாகம் ஒண்ணும் பண்ணலங்கறதுதான் அவங்க சொன்ன குத்தம். ஹட்சின்ஸ் குடும்பம் தனியா சிவில் கேஸ் போட்டு 2022-ல சமரசம் ஆச்சு. ஜெயில் ஒரு ரூட்டு, அபராதம் ஒரு ரூட்டு, நஷ்ட ஈடு ஒரு ரூட்டு, மூணும் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நிக்காது.

1993-ல ப்ரூஸ் லீ பையன் பிராண்டன் லீ வட கரோலினாவுல ஷூட்டிங்ல செத்தது ஞாபகம் இருக்கும். டம்மித் தோட்டாவோட முனை கழண்டு குழாய்க்குள்ளயே மாட்டியிருந்துச்சு, யாரும் குழாயைப் பார்க்காம அடுத்து ப்ளாங்க் போட்டுச் சுட்டாங்க, அது மாட்டியிருந்ததைத் தள்ளிக்கிட்டு வந்து உடம்புல ஏறிடுச்சு. அங்க ஒருத்தர் மேலயும் கிரிமினல் கேஸ் இல்ல, அபராதமும் சமரசமும்தான்.

சரி, இதே மாதிரி இங்க நடந்தா? அலட்சியத்தால மரணம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 304ஏ, 2024 ஜூலை 1-லருந்து பாரதிய நியாய சன்ஹிதா 106, ரெண்டு வருஷமா இருந்த உச்சபட்சத் தண்டனை அஞ்சு வருஷமாச்சு. சட்டப்படியான வேலையை உரிய கவனத்தோட செஞ்சும் விபத்துன்னா அதே புதுச் சட்டத்தோட 18-வது பிரிவு காப்பாத்தும், ஆனா அந்த 'உரிய கவனம்' இருந்துச்சுன்னு காட்ட கையில ஏதாவது வேணும்ல. 1965-ல சுப்ரீம் கோர்ட், பாம்பே பெயிண்ட் ஃபேக்டரி தீ விபத்துல ஏழு பேர் செத்த கேஸ்ல, மேனேஜரை 304ஏ-லருந்து விடுவிச்சுது, சாவுக்கு நேரடிக் காரணம் அவர் செயல் இல்லன்னு. அதே தீர்ப்புல அலட்சியமா தீயைக் கையாண்டதுக்கான தண்டனை மட்டும் அப்படியே நின்னுச்சு, அதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல. அக்ரிமெண்ட்ல "கம்பெனி பொறுப்பில்ல"ன்னு எழுதினா பணத்தை யார் தர்றதுங்கறதை வேணா உங்களுக்குள்ள பேசிக்கலாம், போலீஸ் எஃப்ஐஆர் போடறப்போ அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு யாரையும் விட்டுட மாட்டாங்க.

கடைசியில அந்தப் பாராவை அடிச்சுட்டு வேற எழுதிக் குடுத்தேன். ஆயுதம் செட்டுக்குள்ள வர்றப்போ யார் எண்ணி வாங்கறது, ராத்திரி யார்கிட்ட சாவி, ஷாட்டுக்கு முன்னாடி நடிகர் கண் முன்னாலயே யார் திறந்து காட்டறது, செட்டுக்குள்ள யாருக்கு சரியில்லன்னு தோணினாலும் வேலையை நிறுத்தற உரிமை, எல்லாத்துக்கும் நேரா ஒரு பேரும் ஒரு கையெழுத்தும். படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு. "சார், எங்க யூனிட்ல இதுக்குன்னு தனியா ஆளே கிடையாதே, ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன்தான் கோணிப்பையில போட்டுக் கொண்டு வருவான், ஃபைட் மாஸ்டர் அசிஸ்டெண்ட் வாங்கிக்குவாரு, இங்க யார் பேரைப் போடறது?"

அது உங்களுக்குத்தான் தெரியணும்னேன். பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போனாரு, இன்னும் திரும்பி வரல.