ஃபேன் கிளட்சை ‘டைரக்ட்’ பண்ணாதீங்க

ஹைவேயில் 80-ல் போகும்போது டெம்பரேச்சர் முள் ஒழுங்காக நிற்கிறது. சிக்னலில் நின்றாலோ, ஏசி போட்டுக் கொல்லிமலை ஏறினாலோ மளமளவென்று மேலே போகிறது. கூலன்ட் அளவும் ரேடியேட்டர் மூடியும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஃபேன் கிளட்ச் மேல்தான். சூட்டுக்கு ஏற்ப ஃபேனை இன்ஜினோடு பிடித்தும் வழுக்கவிட்டும் சுற்றவைக்கும் பாகம் இது. பொலேரோ, டவேரா, பழைய டீசல் இன்னோவா மாதிரி, இன்ஜினே ஃபேனைச் சுற்றும் வண்டிகளில்தான் இது உண்டு. ஆல்ட்டோ, ஸ்விஃப்ட்டில் இருப்பது கரன்ட் ஃபேன். அங்கே பார்க்க வேண்டியது ரிலேயும் மோட்டாரும்.

கிளட்சுக்குள் சிலிகான் எண்ணெய் இருக்கிறது. முன்பக்கம் தெரியும் பைமெட்டல் (இரட்டை உலோக) சுருள், ரேடியேட்டர் வழியாக வரும் காற்றின் சூட்டில் அசைந்து வால்வைத் திறக்கும். எண்ணெய் பாய்ந்ததும் ஃபேன் பிடித்துச் சுற்றும். எண்ணெய் கசிந்தால் பிடிப்பு போச்சு. நடுவிலிருந்து வெளியே தெறித்த, தூசி அப்பிய கறையே அதற்குச் சாட்சி. சூடான இன்ஜினை நிறுத்தி, பேட்டரி நெகடிவ்வைக் கழற்றிவிட்டு ஃபேனைச் சுண்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் நாலைந்து சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது. இறக்கை நுனி முன்னும் பின்னும் 6 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங்கும் போயிருக்கிறது. ஓடுகிற ஃபேனில் பேப்பரை விட்டுப் பார்க்கும் வீர விளையாட்டு வேண்டாம்.

“கிளட்ச் எதுக்குங்க, டைரக்ட் பண்ணிடலாம்” என்பார்கள் சில பட்டறைகளில். செலவு குறைவுதான். அப்புறம் ஃபேன் எந்நேரமும் வழுக்காமல் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். டீசல் கூடும், இரைச்சல் கூடும், ஃபேனைத் தாங்கும் வாட்டர் பம்ப் பேரிங் சீக்கிரம் தேயும். இறக்கை முறிந்தால் எதிரே இருப்பது ரேடியேட்டர்.

மாற்றும்போது இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பெல்ட் மாட்டியிருக்கும்போதே கிளட்சின் நான்கு நட்டுகளையும் இளக்கிவிடுங்கள். பெல்ட்டை எடுத்துவிட்டால் ஸ்பேனரோடு புல்லியும் சேர்ந்து சுற்றும். சில வண்டிகளில் நடுவே ஒரே பெரிய நட்டுதான் இருக்கும். பிஎம்டபிள்யூ இ46-ல் அது 32 மி.மீ., இடது மரை. தெரியாமல் வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும்.

ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஓர் அட்டையைச் சொருகிவிட்டு, ஃபேனையும் அதைச் சுற்றியிருக்கும் கவரையும் சேர்த்துத் தூக்குங்கள். புல்லியை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே கூலன்ட் காய்ந்த தடம் தெரிந்தாலோ, பம்பையும் இப்போதே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆட்டம் புதுக் கிளட்சையும் தின்றுவிடும்.

புதுக் கிளட்சைப் படுக்கப் போட்டு வைக்கக் கூடாது, எண்ணெய் கசியலாம். வண்டியில் இருப்பதுபோல் நிமிர்த்தி வையுங்கள். இறக்கையில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால்கூட ஃபேனையும் புதிதாக மாற்றிவிடுங்கள். ஒட்டவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். எந்தப் பக்கம் முன் என்று கழற்றும்போதே மார்க்கரில் குறித்திருந்தால் திருப்பி மாட்டும் தவறு வராது. நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முடுக்குங்கள். கவரை மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் காற்றை விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் காற்றைத்தான் இழுக்கும்.

முதல் ஸ்டார்ட்டில் ஃபேன் ஹோவென்று இரையும். உள்ளே எண்ணெய் பரவிக் கிடப்பதால் வரும் சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் அடங்கும். பத்து நிமிடம் ஓட்டியும், இன்ஜின் சூடேறாமலே இரைந்துகொண்டிருந்தால் கிளட்ச் பூட்டிக்கொண்டிருக்கிறது. பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.